பதினெட்டில் நிற்காத முள்

ஜூலை 28, ஞாயிறு

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி ஆறு, வியாழக்கிழமை. மதுரையில் மாப்பிள்ளை வீட்டில் வைத்து வளையல் அடுக்கி, அன்றைக்கே அகிலாவைப் பிரசவத்துக்கு ராஜபாளையம் கூட்டி வருகிறோம். ஒரே மகள். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு அவளை நம் வேனில்தான் கொண்டுபோய் இறக்கினேன். இப்போதும் நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். அதில் பேச்சுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தேன்.

சாப்பாடு போடும்போது சண்முகத்தாய் ஆரம்பித்தாள். "வேன் வேணாங்க. நல்லதா ஒரு கார் பிடிச்சுக்குவோம்."

"ஏன், வேனுக்கு என்ன கேடு?"

"பழைய வண்டி. வயித்துப்பிள்ளைக்காரிய ஏத்திக்கிட்டு வாறோம், யோசிக்க வேணாமா?"

பழைய வண்டிதான். ஆம்னி. வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எஃப்.சி. போன வருஷம்தான் எடுத்தேன். ஒரு நாள் நடுரோட்டில் நின்றதில்லை. மில்லில் முப்பது வருஷம் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தவன் நான், எனக்கு மிஷினைப் பற்றி இவள் சொல்கிறாள். இரண்டாவது தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பசித்தது, வேறு வழியில்லை, வீம்பு.

ஜூலை 30, செவ்வாய்

போனில் அகிலாவும் அதையே சொன்னாள். அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதுவும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். இந்தக் காலத்து போனில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கி என்ன பிரயோசனம்?

வண்டி நல்ல வண்டி என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். எண்ணால் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வாக்குவம் கேஜ். இன்ஜின் எவ்வளவு பலமாக மூச்சை உள்ளே இழுக்கிறது என்று காட்டும் மீட்டர். டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்ப்பது மாதிரிதான். வண்டி சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது முள் பதினெட்டுக்கு மேல் ஆடாமல் நின்றால் இன்ஜினுக்கு நோய்நொடி இல்லை என்று அர்த்தம். டேஷ்போர்டில் மாட்டி, முள்ளைக் காட்டி, இவர்கள் வாயை அடைத்துவிடலாம். ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

பார்சல்காரன் வந்து மூன்று தடவை பெல் அடித்தானாம். ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டானாம். நான் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாமல் எந்த பெல்லை அடித்தான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்கள் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். கொடுத்தவன் சிரித்தபடி ஏதோ சொன்னான். "ம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கேஜ் மாட்டியாயிற்று. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் கார்ப்பரேட்டர் கண்முன்னால். அங்கிருந்து போகிற ஒரு ரப்பர் குழாயை நடுவில் வெட்டி, T மாதிரி மூன்று வாய் உள்ள ஒரு துண்டைச் செருக வேண்டும். மூன்றாவது வாயில் கேஜ் குழாயை மாட்டினால் முடிந்தது. அட்டைப்பெட்டியில் படம் போட்டிருக்கிறான், அரைமணி நேர வேலை என்று. படம் போட்டவன் ஆம்னியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்.

அவன் கொடுத்த T பிளாஸ்டிக். நம் குழாய்க்குள் லொடலொடவென்று நின்றது. டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினேன். டேஷ்போர்டில் துளை போடும்போது டிரில் வழுக்கி, ரேடியோவுக்குக் கீழே ஒரு கோடு விழுந்துவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. சண்முகத்தாய் காபி கொண்டுவந்து, சீட்டு கழற்றிக் கிடப்பதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருந்த வண்டி" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டார்ட் பண்ணினேன். முள் எழுந்தது. பதின்மூன்றுக்கு வந்தது. அங்கேயே நின்று வெடவெடவென்று ஆடியது.

பதினெட்டு எங்கே, பதின்மூன்று எங்கே. பசியும் இல்லை, தூக்கமும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும் பதின்மூன்று.

சண்முகத்தாய் வண்டி பக்கமாகத் துணி காயப் போட வந்தாள். நின்றாள். "என்னங்க, உள்ளருந்து என்னமோ உஸ்ஸுனு சீறுது" என்றாள்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்ஜின் சத்தம், அவ்வளவுதான். அதுவும் பாவம், அடக்கமாகத்தான் ஓடுகிறது. "எதுவும் சீறல" என்றேன்.

"எனக்கு இங்க வரைக்கும் கேக்குதே."

கார் பிடிக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டால் என்னென்னவோ கேட்கத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 7, புதன்

அடுத்த வீட்டு நாய், வெள்ளைப் பயல், காம்பவுண்டைத் தாண்டி வந்து வேன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சீட்டுக்கு அடியையே பார்க்கிறான். பிறகு இந்தப் பக்கம் சாய்க்கிறான். விரட்டினேன், போனான், திரும்பவும் வந்தான். பெண்டாட்டிதான் அப்படியென்றால் நாயுமா?

டைமிங் பார்த்தேன். பிளக் மூன்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். பதின்மூன்று.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கேஜ்தான் கோளாறு. சந்தேகமே இல்லை. வேறு கம்பெனி கேஜ் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். சண்முகத்தாயிடம் சொல்லவில்லை.

டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்தது. செய்தி கேட்பது குற்றமா? குறைத்துவிட்டு, வாசிக்கிற பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லில் நாங்கள் எல்லாம் அப்படித்தான். நூறு ஃபிரேம் ஓடுகிற சத்தத்தில் வாயசைவும் கைஜாடையும்தான் பேச்சு. ஹாலுக்கு அந்தக் கடைசியில் நிற்பவன் என்னைத் திட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் ஆள் முகத்தைக் காட்டிப் பேசினால் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது. இந்த வீட்டில்தான் எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டும் முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

சீனி வாங்கி வரச் சொன்னாளாம், நான் "ம்" என்றேனாம். சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆரோக்கியம் வந்தான். நான் கூப்பிடவில்லை. இவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். சீட்டைத் தூக்கியவுடனே என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, காத்து இழுக்குதே. அந்த T-யிலதான். தள்ளி நின்னாலே கேக்குது."

"நான் ஒரு வாரமா இதுலயே கெடக்கேன். எனக்குக் கேக்காததா ஒனக்குக் கேக்குது?"

அவன் சண்முகத்தாயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "பித்தளையில T இருக்கு, மாட்டித் தரட்டுமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சுற்றிய டேப்பு அது. முப்பது வருஷம் காற்றுக் குழாயோடு மல்லுக்கட்டினவன் சுற்றிய டேப்பு.

கேட்டுக்கு வெளியே இரண்டு பேரும் நின்று பேசினார்கள். ஆரோக்கியம் முகம் இந்தப் பக்கம் இருந்தது. "அண்ணாச்சிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். என்னத்தைச் சொல்ல வேண்டுமாம்? வண்டியை விற்கச் சொல்லியாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன். சண்முகத்தாயும் வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன், ஹார்ன் கூட அடிக்காமல், உரசுகிற மாதிரி வலது பக்கம் ஏறி வந்தான். நான் அப்போதுதான் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டுவதற்காக வலது பக்கம் ஒடித்திருந்தேன். நூல் இடைவெளி. லாரியை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கத்தினான். வாயைப் பார்த்தேன். எழுத முடியாத வார்த்தைகள்.

"ஹார்ன் அடிச்சியாடா?" என்று நானும் கத்தினேன்.

அவன் சண்முகத்தாயைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

"ஹார்ன் அடிச்சானா?" என்று இவளிடம் கேட்டேன்.

"அடிச்சுக்கிட்டேதாங்க வந்தான்" என்றாள். வீடு வரை டேஷ்போர்டு கைப்பிடியை விடவே இல்லை.

அடித்திருக்க மாட்டான். இவளுக்குப் பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வேன் பக்கமே போகவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இரண்டாவது கேஜ் வந்தது. மாட்டினேன். பதின்மூன்று. அதே வெடவெடப்பு.

இரண்டு கேஜும் ஒரே பொய்யைச் சொல்லுமா? அப்படியென்றால் இன்ஜினில்தான் கோளாறு. வால்வாக இருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். வளைகாப்புக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வாசலில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் சொன்னது சரியாகிவிடுமோ?

மாப்பிள்ளை போன் பண்ணினார். வளைகாப்புப் பேச்சுதான். மரியாதையான பிள்ளை. கொஞ்சம் மெதுவான குரல். "ம், ம், சரி மாப்ள" என்று பேசி வைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

அக்கிரமம்.

மதுரையிலிருந்து மாப்பிள்ளையே கார் அனுப்புகிறாராம். காலையில் வந்து எங்களை ஏற்றிப்போய், சாயங்காலம் அகிலாவோடு கொண்டுவந்து விடுமாம். முன்பணமும் கொடுத்தாகிவிட்டதாம். யாரைக் கேட்டு என்று குதித்தேன்.

"ஒங்களத்தான கேட்டாரு. நேத்து போன்ல. நீங்கதான் சரி மாப்ளன்னீக."

"நான் எப்பச் சொன்னேன்?"

"நான் பக்கத்துல நிக்கேன்ல."

என் மகளை என் வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு வாடகைக் கார் அனுப்புகிறார்கள், அதுவும் என் வாயாலேயே சம்மதம் வாங்கிக்கொண்டு. போனைப் பிடுங்கி அகிலாவைக் கூப்பிட்டேன். அவள் ஏதோ சொன்னாள், அழுதாள் என்று நினைக்கிறேன். என்ன சொன்னாள் என்று இவளிடம் கேட்கவும் பிடிக்கவில்லை.

நாளைக்கு இன்ஜினைத் திறந்துவிடப் போகிறேன். நடப்பது நடக்கட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் ஸ்பேனர் எல்லாம் எடுத்து வைத்தேன். இன்ஜின் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று பார்ப்போம் என்று தோன்றியது. மில்லில் காற்றுக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நாங்கள் ஒன்று செய்வோம். பிசிறு பஞ்சை எடுத்து விரலில் தொங்கவிட்டு, குழாய் நெடுக நகர்த்திக்கொண்டே போவோம். ஓட்டை உள்ள இடத்தில் பஞ்சு தானாகத் திரும்பும். தலையணையைப் பிரித்துக் கொஞ்சம் பஞ்சு எடுத்தேன். இதற்கும் இவள் ஒரு பார்வை பார்த்தாள்.

வண்டியை ஓடவிட்டேன். இன்ஜினுக்குக் காற்றுப் போகிற மேனிஃபோல்டு ஓரமாகப் பஞ்சைக் கொண்டுபோனேன். அசையவில்லை. கார்ப்பரேட்டர் அடியில், அசையவில்லை. T பக்கம் கொண்டுபோனேன். வெடுக்கென்று விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் என் டேப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டது.

அந்த இடத்தில் விரலை வைத்து அடைத்தேன். விரல் நுனியைக் குழந்தை சப்புவது மாதிரி இழுத்தது. கேஜைப் பார்த்தேன். முள் பதின்மூன்றிலிருந்து ஏறி, பதினெட்டரையில் போய் ஆணி அடித்த மாதிரி நின்றது.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். விரலை எடுத்தேன். முள் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு வேகமாகக் காற்றை இழுக்கிற ஓட்டை சத்தம் போடாமல் இருக்காது. மில்லில் இதில் பாதி ஓட்டைக்கே விசில் அடிக்கும். குனிந்து காதை T-க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். இடது காது, பிறகு வலது காது. ஒன்றும் இல்லை.

சண்முகத்தாயைக் கூப்பிட்டேன். "திரும்பி நின்னுக்க. வண்டியப் பாக்காத. சீறுற சத்தம் கேட்டா கையத் தூக்கு. நின்னா எறக்கு" என்றேன்.

"எதுக்குங்க?"

"சொன்னதச் செய்யி."

அவள் திரும்பி நின்றாள். விரலை எடுத்தேன், முள் விழுந்தது, அவள் கை எழுந்தது. அடைத்தேன், முள் ஏறியது, கை இறங்கியது. வேண்டுமென்றே தாறுமாறாகச் செய்தேன். சட்டென்று எடுத்து சட்டென்று அடைத்தேன். வெகுநேரம் அடைத்தே வைத்திருந்தேன். ஏமாற்ற முடியவில்லை. முள்ளும் அவள் கையும் ஒன்றாகவே ஏறி இறங்கின. நடுவில் நின்ற எனக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

வண்டியை நிறுத்தினேன். அவள் திரும்பினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"எம்புட்டு நாளாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அகிலா கல்யாணத்துலருந்தே சந்தேகந்தான்" என்றாள். முகத்தை நேராகக் காட்டித்தான் சொன்னாள். "வண்டியச் சொன்னா ஒங்களுக்கு ரோசம் வரும், அதோட போயிரும். காதச் சொன்னா ஒடஞ்சு போவீகன்னுதான் வண்டியச் சொன்னோம்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆரோக்கியத்துக்குத் தெரியும். நான் இரண்டு வாரமாக ஒரு நல்ல இன்ஜினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரன் ஹார்ன் அடித்திருக்கிறான். அதை இங்கே எழுதிவிட வேண்டும். பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆரோக்கியம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அந்தப் பித்தளை T-யை வாங்கினேன். என்னிடமே கொடுத்தான், மாட்டித் தருகிறேன் என்று சொல்லவில்லை. நல்ல பையன். அங்கேயே உட்கார்ந்து நானே மாட்டினேன். பதினெட்டரை. ஆட்டமில்லை.

"வியாழக்கெழம மதுரைக்கு வண்டிய ஓட்டுறியா? போகவர" என்று கேட்டேன்.

அவன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னான். "ம்" என்று சொல்ல வந்தேன். அந்தப் பாழாய்ப்போன "ம்" தான் இவ்வளவும் செய்தது. "மொகத்தப் பாத்துச் சொல்லு" என்றேன். நிமிர்ந்தான். "நீங்க ஓட்டலையா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டிருக்கிறான்.

"ஓட்டல" என்றேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தச் சாவியை நான் இன்னொருவன் கையில் கொடுத்ததில்லை.

மாப்பிள்ளையிடம் சண்முகத்தாயைப் பேசச் சொன்னேன். கார் வேண்டாம், வேனிலேயே வருகிறோம், ஆரோக்கியம் ஓட்டுகிறான் என்று. முன்பணம் போனால் போகட்டும் என்றாராம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நல்லபடியாக முடிந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

போகும்போது ஆரோக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உயிரை வாங்கினேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாற்ற இவ்வளவு நேரமா? கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறான். கேஜைப் பார்த்து ஓட்டுடா என்றால் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்கிறான்.

அகிலாவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அடுக்கினார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதான் கண்ணாடி வளையல் போடுவது. அவள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்தேன். பிறக்காத பிள்ளைக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவன் அழுகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது சண்முகத்தாயை முன் சீட்டில் ஏறச் சொன்னேன். எங்கள் வேனில் நடு சீட்டு பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். நான் அதில் உட்கார்ந்துகொண்டேன். பின் சீட்டில், எனக்கு நேர் எதிரே, அகிலா. முதுகுக்குத் தலையணை, மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு. திருமங்கலம் தாண்டும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பேசிய ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மூன்று நான்கு தடவை "திரும்பச் சொல்லு" என்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவள் முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னாள்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் வரும்போது அவள் கண்ணை மூடிச் சற்று நேரம் எதையோ கவனித்தாள். பிறகு சொன்னாள், "அம்மா என்னென்னமோ சொன்னாக. வண்டி சத்தமே இல்லாம ஓடுதுப்பா."

"எனக்கு ரொம்ப நாளாவே அப்படித்தாம்மா ஓடுது" என்றேன்.

அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு மாதிரி ஆகி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் பார்வை என் தோளுக்கு மேலே போய் நின்றது. நானும் திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டில் சண்முகத்தாய் உடம்பை முழுக்கத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது.